ஊசி இல்லாத வியாழன்

கழுகுமலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்த கிருஷ்ணவேணியைப் பார்த்ததும் நர்ஸ் பானுவுக்குப் பகீரென்றது.

"யக்கா, இன்னைக்கு எதுக்கு வந்திய? திங்களும் வியாழனும் ஊசி போட்டது முதல் மூணு மாசம்தான். இனிமே திங்கக்கிழமை மட்டும்னு எத்தனை தடவை சொல்லுதேன்! கூடப் போட்டா சீக்கிரம் குணமாயிருமா?"

கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பேசி முடிச்சிட்டியா தாயி?"

"முடிச்சிட்டேன். பஸ் ஏறுங்க."

"நான் ஊசிக்கு வரலை. ஏட்டி, கிட்ட வா."

பானுவின் முகத்தை இரு கைகளாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். வருஷக்கணக்காகச் சோறு பிசையவும் மடங்காத விரல்கள் பத்தும் சடசடவென்று நெட்டி முறிந்தன.

"இன்னொரு தடவைக்கா!" என்று பானு முகத்தை நீட்டினாள்.