அறுபதாவது நாள்

வகுப்பறைக் கதவை உள்ளே தாழிட்டார்கள். கோமளம் பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பாலர் பள்ளி பெஞ்சு அது. முழங்கால் முன் பலகையில் இடிக்க, எழுந்து ஓடவும் வழியில்லை.

முன்வரிசையில் அவள் கணவர் எழுந்து நின்றார். "என் பேர் வெங்கடரமணன். நான் குடிகாரன்."

"வணக்கம் சார்," என்றது கூட்டம்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த தெருவில் 'நூறு' என்பார்கள். அதற்குப் பயந்துதான் ஞாயிறுதோறும் இரண்டு பேரும் அடையாறுக்கு பஸ் ஏறினார்கள். இங்கே குடியை நிறுத்த வந்தவர்கள் முன்னால், குடும்பத்தார் பின்னால்.

"பாட்டிலை அரிசி டின்னுக்குள்ள புதைச்சு வெப்பேன்," என்றார் வெங்கடரமணன், தரையைப் பார்த்துக்கொண்டே. "பொண்ணு மதுவந்தி பாத்துட்டா. ஆத்துல குடி நின்னாத்தான் வருவேன்னு திருச்சிக்குப் பெரியம்மா ஆத்துக்குப் போயிட்டா. நாலு மாசமாச்சு."

கோமளம் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் மகள் பேசுவாள்; வா என்றால் போனை வைத்துவிடுவாள். பெண் இல்லாத வீடு கோமளத்துக்கு வீடாகவே இல்லை.

"ஒங்க பொறுமை யாருக்கு வரும் மாமி," பக்கத்திலிருந்த சகினா காதோடு சொன்னாள். "என் வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்தா நான் தட்டைத் தூக்கி எறிவேன்."

வாராவாரம் யாராவது இதைச் சொல்லித் தொலைக்கிறார்கள். கோமளத்துக்கு உடம்பு கூசியது.

கூட்டத்தை நடத்துபவர் பட்டினப்பாக்கத்து ஆட்டோக்காரர் வடிவேலு. தானே குடித்து அழிந்து, விட்டு, ஆறு வருஷம் ஆனவர்.

"சாருக்கு இன்னியோட அறுவது நாளு," என்றார். "இங்க ஒரு வயக்கம் கீது. நம்ம வாயால சொன்னா செல்லாது, ஊட்டுக்காரங்க சொல்லணும். சொல்லுங்கம்மா, அறுவது நாளா ஊட்ல குடி இல்லதான?"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. ஆமாம் என்றால் பொய். அந்தப் பொய்யோடு வீட்டுக்குப் போனால் மகள் வரப்போவதில்லை. இல்லை என்றால் இத்தனை பேர் நடுவில் இந்த மனிதர் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

"ஆமான்னு சொல்லிடு கோமு," வெங்கடரமணன் கெஞ்சினார். "ஆத்துக்குப் போலாம்."

கோமளம் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லை. குடி நிக்கலை. நேத்திக்குக்கூட நடந்தது."

வடிவேலுவின் முகம் விழுந்துவிட்டது. "இன்னா சார் இது, எங்களையே ஏமாத்திக்கினு கீறியே," என்றார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கோ," என்றாள் கோமளம். "நான் இங்க வந்து உக்காரணுமேன்னு பழியைத் தன் தலையில போட்டுண்டார். குடிக்கறது நான்."