தொண்டர் அட்டை

“அப்பாவுக்குப் பொய் சொல்லச் சொல்லுறியள்” என்றாள் செலீன்.

“பொய் இல்லை அக்கா. அவருக்கு அங்கை வேலை இருக்கு.”

சொன்னவள் பிரசாந்தினி. தனியாக விட முடியாத முதியவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நகரசபை அலுவலர். இருவருக்கும் நடுவில், குசினி மேசையில், கறுத்துப்போன கேத்தில் ஒன்று.

போன கிழமை செலீனின் அப்பா எட்வேட் அதை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். புகை கிளம்பியது. தீயணைப்பு வண்டி வந்தது. அவர்கள் குடியிருக்கும் மோர்னிங்சைட் அடுக்குமாடி முழுக்கப் படியிறங்கிக் குளிரில் நின்றது. தீயணைப்புக்காரர்தான் சபைக்கு அறிவித்தார்கள்.

“பகலிலை எங்கட முதியோர் நிலையத்துக்கு வரட்டும். இல்லாட்டி நீங்கள் வேலையை விட்டிட்டு வீட்டிலை நிக்கோணும்.”

செலீன் பஸ் ஓட்டுகிறவள். லீவு வெள்ளியோடு முடிகிறது. வீட்டில் அவளும் அப்பாவும்தான். வேலையை விட்டால் வீடும் போகும்.

அப்பாவிடம் கேட்டுப் பார்க்காமல் இல்லை.

“எனக்கென்ன, டேகெயார் போற வயசே? சாப்பாட்டுப் பெட்டியும் கட்டித் தருவியோ?”

அறைக்கதவைச் சாத்தியவர்தான். இரண்டு நாளாய்ப் பேச்சில்லை.

பிரசாந்தினி எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

“அங்கிள், ஒரு உதவி. எங்கட நிலையத்திலை வயது போன ஆக்கள் இருக்கினம். பாக்கிறதுக்கு ஆள் காணாது. நீங்கள் செக்யூரிட்டியிலை இருந்தனீங்களாம்?”

கதவு திறந்தது.

“இருவத்தொரு வருசம். ஒருநாள் பிந்தினதில்லை.”

“தொண்டராய் வருவியளோ?”

“அட்டை தருவியளோ?”

“ஓம் அங்கிள். நீலக் கலர். பேர் போட்டு.”

“எத்தினை மணிக்கு?”

செலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைக்கு ஒரு பொய் சொல்லி அறியாத மனிசன். அவரையே ஏய்ப்பதா?

“தெரிய வந்தால் என்னை மன்னிக்கமாட்டார்” என்றாள் வாசலில்.

பிரசாந்தினி சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை. சேர்ட்டுக்கு அயன். சப்பாத்துக்குப் பொலிஷ். நெஞ்சில் அட்டை. நிலையத்து வான் வர அரை மணிக்கு முன்பே எட்வேட் கீழே போய் நின்றார்.

ஒரு கிழமைக்குள் வீடு மாறிவிட்டது. மனிசன் சாப்பிட்டார். நித்திரை கொண்டார். வாய்தான் ஓயவில்லை.

“கந்தப்போடி எண்டு ஒருத்தன், மட்டக்களப்பான். அவனை என்ர பொறுப்பிலை விட்டிருக்கினம். சரியான பகிடிக்காரன். ஆனால் மறதி. நேற்றுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடி தேடுறான்.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நானும் சேர்ந்து தேடினன்.”

செலீன் சிரிப்பை விழுங்கினாள்.

“ஆனால், நான்தான் அவனைப் பாக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பள்ளிக்கூட அதிபராய் இருந்தவன். மனம் நொந்துபோடும்.”

செலீன் அவர் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மூன்றாம் கிழமை வியாழன், பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வான் ஓடாது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று நிலையத்திலிருந்து செய்தி. வேலை முடிந்த கையோடு செலீன் ஓடினாள்.

அதுவரை அவள் அங்கே போனதில்லை. பயம் விடவில்லை. ஆரும் வாய் தவறி ஒரு சொல் விட்டால்? பெயர்ப் பட்டியலைக் காட்டிவிட்டால்? மனிசன் அட்டையைக் கழற்றி எறிவார். நாளைக்கு வரமாட்டார். திரும்பவும் அந்தக் கேத்தில், அந்தப் புகை.

வாசலில் இரண்டு கிழவர்கள் ஜக்கெற்றோடு நின்றார்கள். எட்வேட் மற்றவரின் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக் கட்டினார். மற்றவர் எட்வேட்டின் பொத்தான்களைப் பூட்டினார். மாறிப் பூட்டியதைக் கழற்றி மறுபடி பூட்டினார்.

“மாஸ்ரர், இவள்தான் என்ர மகள்” என்றார் எட்வேட். “செலீன், இவர்தான் கந்தப்போடி மாஸ்ரர். நில்லு, உள்ளுக்கை ஆக்கள் எல்லாம் வெளிக்கிட்டிட்டினமோ எண்டு பாத்திட்டு வாறன்.”

போனார். பழைய செக்யூரிட்டி நடை.

கந்தப்போடி கிட்ட வந்தார். குரலைத் தணித்தார்.

“மகள், உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். அப்பாவப் பத்தி.”

இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முடிந்தது கதை.

“அவருக்கு மறதி கொஞ்சம் கூட. நீங்க வேலைக்குப் போற ஆள், யோசிப்பீங்க. யோசிக்காதீங்க. அவர என்ட பொறுப்பிலதான் விட்டிருக்காங்க.”

ஜக்கெற் சிப்பைக் கீழே இழுத்துக் காட்டினார். நெஞ்சில் நீல அட்டை. பேர் போட்டு.

மூன்று கிழமையாய் அடைத்துக் கிடந்த மூச்சு செலீனுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணைத் துடைத்தாள்.

கந்தப்போடி உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அவருக்கும் இப்பிடி ஒண்டு குடுத்திருக்காங்க, மகள். சும்மா, மனிசன்ட மனசு நோகாம இருக்கிறதுக்கு. அவருக்கிட்டச் சொல்லிராதீங்க.”