டேக் இல்லாத ஆள்

சங்கரன்கோவிலில் நூல் மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று பகல் பதினொரு மணிக்குத் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். போகும்போது தங்கள் பெயர் டேக்கை வாசலில் கணக்கு வைக்க நின்ற தீயணைப்பு வீராங்கனை ஜெயசித்ராவிடம் கொடுத்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் நான்கையும் பலகையில் மாட்டினாள்.

இருபது நிமிடத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்து, முகமூடியோடே டேக்கை வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்கள். பலகை காலியானது.

ஐந்தாவதாக, அதே முகமூடியும் சிலிண்டருமாக ஒருவர் புகையிலிருந்து வந்து டேக்குக்காகக் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க யாரு? உங்க டேக் எங்கிட்ட இல்லையே."

அவர் வெறும் பலகையையே பார்த்தார். பிறகு திரும்பிப் புகைக்குள் போய்விட்டார்.

வண்டியருகே நால்வரும் முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சுல்லா? கூரை விழப் போவுது!" என்று அதிகாரி குருநாதன் கத்தினார்.

'இல்லை' என்று சொன்னால் இந்த நால்வரும் அவரைத் தேடி மறுபடி உள்ளே போவார்கள். ஜெயசித்ரா காலிப் பலகையை ஒருமுறை பார்த்தாள்.

"வந்தாச்சு சார்."

கூரை இடிந்து விழுந்தது. சத்தம் அடங்கியதும், சிலிண்டரில் காற்று தீரும்போது அடிக்கும் விசில் கேட்டது. நால்வரும் தங்கள் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். விசில் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.