குரங்குக்கு ரேஷன் கார்டு

"இன்னாய்யா பாண்டுரங்கா, உனக்கு மூள இருக்குதா? இல்ல, அதையும் கவர்ல போட்டு மெட்ராசுக்கு அனுப்பிட்டியா?"

ராஜாராம் கேட்டதும் அச்சாபீசே சிரித்தது.

செஞ்சி கடைத்தெருவில் அச்சாபீஸ் வைத்துக்கொண்டு, 'கோட்டை முழக்கம்' என்று மாதமிருமுறை பத்திரிகை நடத்துகிறவர் ராஜாராம். பாண்டுரங்கன் சென்னை தினசரி ஒன்றுக்குச் செஞ்சி நிருபர். பரம சாது. அந்த நிருபர் வேலை ஒன்றுதான் ஊரில் அவருக்கு இருந்த மரியாதை.

அதற்குத்தான் இப்போது வேட்டு.

ஏப்ரல் முதல் தேதி இதழில் ராஜாராம் குறும்பாக ஒன்று எழுதியிருந்தார். 'கோட்டைக் குரங்குகளுக்கு ரேஷன் கார்டு! கதவு எண் இல்லாதவர்களுக்குக் கார்டு கிடையாது. குரங்குகளோ பரம்பரை பரம்பரையாகக் கல்யாண மகாலில் குடியிருப்பதால், நிரந்தர விலாசம் உள்ளவை என்று மேலிடம் முடிவு செய்துள்ளது.'

ஊரே படித்துச் சிரித்தது. அரிசிக்கு அல்லாடிய காலம். சிரிக்கவாவது ஏதாவது வேண்டாமா?

பாண்டுரங்கன் மட்டும் சிரிக்கவில்லை. அதை நிஜச் செய்தியாக எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருக்கிற மேதாவிகளில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டம் கட்டிப் போட்டார்கள். அதைப் பார்த்து இன்னொரு தினசரி, 'குரங்குக்கு அரிசி தர்மமா?' என்று தலையங்கமே எழுதிவிட்டது.

"ஏப்ரல் ஃபூல்னு கேள்விப்பட்டதே இல்லியா நீ?"

"கவனிக்கலண்ணே" என்று தலையைச் சொறிந்தார் பாண்டுரங்கன்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் அவருக்கு 'ஏப்ரல் பாண்டு' என்று பெயர். டீக்கடையில், "ஒரு டீ போதுமா? கூட்டாளிக்கு வாழப்பழம் வேணாமா?" என்று கேட்டார் கடைக்காரர் கனகராஜ்.

சிரிப்பெல்லாம் ஜீப் வந்து நிற்கும்வரைதான். மேலிடத்திலிருந்து அதிகாரி ராஜகோபால் இறங்கினார். பின்னாலேயே கேமராவும் கையுமாக வெளியூர் நிருபர்கள்.

"குரங்குக்குக் கார்டுன்னு எழுதினது யார்?"

ராஜாராம் இரண்டடி பின்வாங்கினார். "நான் சும்மா தமாஷுக்கு எழுதினேன் சார். அத நியூசாக்கினது இவன்தான்!" என்று பாண்டுரங்கனை முன்னால் தள்ளிவிட்டார்.

"சரி. குரங்குக்குக் கார்டு தரலன்னு நான் நேர்ல பாத்து எழுதணும். கோட்டைக்கு வழி காட்டுய்யா" என்றார் அதிகாரி.

கல்யாண மகாலில் குரங்குகள் நன்றாகவே ஒத்துழைத்தன. ஒன்று அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. கார்டு எதுவும் அதனிடம் இல்லை.

திரும்பும்போது கோட்டையடியில், கல்லுடைக்கிறவர்களின் குடிசைகளுக்கு முன்னால் மீனம்பாள் வழிமறித்து நின்றாள்.

"சார், கொரங்குக்கெல்லாம் கார்டு குடுத்தீங்களாமே. எங்களுக்கு எப்ப சார்?"

"குரங்குக்குக் குடுக்கலம்மா!"

"அதுங்களுக்கும் இல்லியா? அப்ப அதுங்களும் எங்கள மாதிரிதானா!"

நிருபர்கள் சிரித்தார்கள். அதிகாரிக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு ஏன் கார்டு இல்ல?"

"கதவு நம்பரு இருந்தாதான் கார்டுன்றாங்க. குடிசைக்குக் கதவே இல்ல சார், கோணிதான் தொங்குது. நம்பர எங்க எழுதறது? புள்ளைங்க கஞ்சிக்கு அழுவுதுங்க."

கேமராக்கள் கோணியின் பக்கம் திரும்பின. அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

"ஏன், கோணியில எழுதக் கூடாதா? எழுதுங்கய்யா!"

தார் டப்பா வந்தது. ஒவ்வொரு கோணியிலும் கொட்டை எழுத்தில் நம்பர் ஏறியது. அந்த வாரமே வீட்டுக்கு வீடு கார்டும் வந்துவிட்டது.

உடனே சென்னை தினசரி, 'நமது செய்தியின் எதிரொலி!' என்று மார்தட்டிக்கொண்டது. அந்த ஜோரில், ஒரு திட்டோடு பாண்டுரங்கனின் வேலையும் தப்பியது. ராஜாராமையும் பிடிக்க முடியவில்லை.

"பாத்தியாய்யா, என் பேனாவோட சக்திய? நீயும் இருக்கியே!" என்று அச்சாபீசில் பாண்டுரங்கனை வாரிக்கொண்டிருந்தபோது மீனம்பாள் வந்தாள். மடி நிறைய அவித்த மல்லாட்டை.

"வாம்மா, வா. எதுக்கு இதெல்லாம்?" என்று ராஜாராம் கையை நீட்டினார்.

அவள் அவரைத் தாண்டிப் போய்ப் பாண்டுரங்கன் எதிரில் கடலையைக் கொட்டினாள். "சாப்புடுண்ணே. இன்னிக்கு எங்க ஊட்ல சோறு."

"இந்தாம்மா, எழுதினது நானு. அவன் ஏமாந்த சோணகிரி!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். போன வருசத்துலேந்து எங்க குடிசைக்கு வந்து, கார்டு இல்லாத கதைய எழுதிக்கினு போனது இவருதான்."

அவள் போனதும் ராஜாராம் முழித்தார். "கார்டு கதைய நீ எழுதினியா? ஒண்ணுகூட பேப்பர்ல வரலியே?"

பாண்டுரங்கன் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எங்கண்ணே போட்டாங்க? நிஜத்த எழுதி எழுதிப் பாத்தேன். அசையல. சரின்னு உங்க பொய்ய அனுப்பினேன், கட்டம் கட்டிட்டாங்க!"