ஆனந்த் இன்னும் வரலை

லீமா வாசற்படி ஏறும்போதே உள்ளே பொன்னுத்தாயின் குரல் கேட்டது.

கொடியில் துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மேகம் இறங்கி முற்றமே வெள்ளையாகக் கிடந்தது. இனி அது எங்கே காய? அடுப்படியில் மத்தியானம் சாப்பிட்ட பாத்திரம் கழுவாமல் கிடந்தது.

ரெஜினா டீச்சர் கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். கொடைக்கானலில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கண் மங்கிக்கொண்டே வந்து, இப்போது எதுவும் தெரியாது. கட்டிலுக்குக் கீழே வேலைக்காரி பொன்னுத்தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம்?" என்றாள் ரெஜினா.

"அப்புறம் மாமியாக்காரி கேக்குறா டீச்சர். அவன்தான் போயிட்டானே, இன்னும் எதுக்கு நீ தினமும் ரெண்டு பேருக்கு உலை வைக்கிறன்னு. தேவசேனா பாட்டுக்கு அரிசியைக் களைஞ்சுக்கிட்டே இருக்கா."

லீமா செருமினாள். பொன்னுத்தாய் சட்டென்று எழுந்தாள்.

"துணி நனையுது பொன்னுத்தாயி. கதை சொல்லவா உன்னை வச்சிருக்கோம்?"

"இந்தா போறேம்மா."

"அவளைத் திட்டாத," என்றாள் ரெஜினா. "நான்தான் உக்காரச் சொன்னேன்."

அக்காவைப் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வருகிறாள் லீமா. வரும்போதெல்லாம் இதே கூத்துதான்.

முன்பு இந்தத் தேவசேனா நாடகம் டிவியில் மத்தியானம் வந்தது. சத்தத்தை ரெஜினா கேட்டுக்கொள்வாள். யார் முறைக்கிறார்கள், யார் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று பொன்னுத்தாய் சொல்லுவாள். பிறகு அதை ராத்திரி ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டார்களாம். அந்நேரம் டீச்சர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள். அதனால் பொன்னுத்தாய் தன் வீட்டில் பார்த்துவிட்டு வந்து மறுநாள் சொல்கிறாள்.

"அப்படி என்னக்கா இருக்கு அதுல? புருஷன் சிங்கப்பூர் போயிட்டான். பொண்டாட்டி அழுதுக்கிட்டே கெடக்கா. வருஷக்கணக்கா இதேதான்."

"ஆனந்த் வரணும்ல," என்றாள் ரெஜினா.

லீமாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "சரி, இன்னைக்கு நான் இங்கதான் இருக்கேன். மாத்திரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க. ஒம்பது மணிக்கு நானே டிவியைப் போடுறேன். நீயே கேட்டுக்க."

துணிகளை அள்ளிக்கொண்டு வந்த பொன்னுத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லீமா காபி போட அடுப்படிக்குப் போனதும் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, ராத்திரி டிவியைப் போட்டுறாதீங்க."

"ஏன்?"

"அந்த நாடகம் முடிஞ்சு நாலு மாசமாச்சு."

லீமா பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஆளுக யாரும் பாக்கலைன்னு திடீர்னு நிறுத்திட்டாங்க. கடைசி நாள் எல்லாரும் வரிசையா நின்னு ஒரு கும்பிடு போட்டாங்க. அவ்வளவுதான். ஆனந்த் வரவே இல்ல." பொன்னுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள். "அன்னைக்கு டீச்சர் மதுரைக்குக் கண்ணைக் காட்டப் போயிருந்தாங்க. இனிமே பார்வை வராதுன்னு டாக்டரு சொல்லி அனுப்பிட்டாரு. மறுநாள் வீட்டுக்குள்ள வந்ததும் வராததுமா, ஆனந்த் வந்தானான்னு எங்கிட்ட கேட்டாங்க. நான் என்னம்மா சொல்லுவேன்?"

"அப்ப நாலு மாசமா நீயாவே சொல்லிக்கிட்டிருக்கியா?"

"தோணுறதைச் சொல்றேன்மா."

லீமாவுக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. இவள் மனசு நல்ல மனசுதான். ஆனாலும் கண் தெரியாதவளிடம் தினம் தினம் பொய். அக்காவுக்குப் பொய் என்றால் ஆகவே ஆகாது. நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் தாங்குவாளா?

காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நாடகம் இருக்குல்ல..."

"மெதுவாப் பேசு," என்றாள் ரெஜினா. "அவ காதுல விழுந்துறப் போகுது."

லீமா அவள் முகத்தையே பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"முடிஞ்ச மறுநாளே பக்கத்து வீட்டு புவனா சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா உக்காந்து கேக்குற?"

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. அது நிற்காமல் வருகிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ரெஜினா பேசினாள்.

"நாடகத்துல ஆனந்த் சிங்கப்பூர்ல பெரிய கம்பெனி வச்சிருந்தான். இவ சொல்றதுல திருப்பூர்ல பனியன் தைக்கிறான். எந்த மூஞ்சியோட திரும்பிப் போறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிறான்."

பொன்னுத்தாயின் புருஷன் வேலப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனது அவளுக்கும் தெரியும். போய் ஆறு வருஷம். ஒரு போன் கிடையாது.

"புருஷன் பேரை ஒருநாள்கூட இவ எங்கிட்ட எடுத்ததில்ல," என்றாள் ரெஜினா. "ஆனந்த் பேரைச் சொல்லித்தான் அழுறா."

காபி ஆறிக்கொண்டிருந்தது. ரெஜினா இன்னும் குடிக்கவில்லை.

"ஆனந்த் முந்தாநாள் வத்தலக்குண்டுல பஸ் ஏறிட்டான். இன்னைக்கு இங்க பக்கத்துல பெருமாள்மலை வரைக்கும் வந்துட்டான். நாடகத்துல வர்றவன்தானே, மெதுவாத்தான் வருவான். வீடு வந்து சேரட்டும் லீமா. நடுவுல நீயும் நிறுத்திடாத."