ஆள் இருக்கிற இடம்

எண்பத்திரண்டில் திருகோணமலைத் துறைமுகத்துச் சரக்குக் கந்தோருக்கு ஒரு கம்பியூட்டர் வந்தது. அதன் வேலையை இரண்டு புரொசஸர் அட்டைகள் பங்கிட்டுச் செய்யும். இன்பமலர் காலையில் அதை இயக்கியதும், இரண்டும் தயார் என்று திரையில் வரும்.

கோதுமைக் கப்பல் வந்த அன்று ஓர் அட்டை கருகிவிட்டது. மதியத்துக்குள் அது மூட்டை இறக்கும் ஒழுங்கைக் கணக்கிட்டுத் தராவிட்டால் வாசலில் நிற்கும் கூலியாட்கள் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். திருத்த வந்த ஸெய்னுதீன் நானா கருகியதைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒண்டை வச்சு ஏலாது நானா," என்றபடியே இன்பமலர் இயக்கினாள்.

இரண்டும் தயார் என்றது திரை. மதியத்துக்கு முன்பே வேலை முடிந்தது. வெளியே மூட்டைகள் இறங்கத் தொடங்கின.

அட்டை கழற்றிய இடத்துக்குள் இன்பமலர் கையை விட்டுப் பார்த்தாள். வெறும் இடம் இளஞ்சூடாக இருந்தது.

"ஆரெண்டாலும் பெரிய உபகாரம்," என்றாள்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து புது அட்டை வந்தது. ஸெய்னுதீன் அதைப் பழைய இடத்தில் செருகப் போனார். நிலாவெளி பஸ்ஸில் பக்கத்து இருக்கையை மறிப்பதுபோல இன்பமலர் சட்டென்று கையை வைத்தாள்.

"அதில ஆள் இருக்கு, நானா. பக்கத்தில போடுங்கோ."

அவர் பக்கத்தில் காலியாக இருந்த மூன்றாவது இடத்தில் செருகினார்.

மூன்றும் தயார் என்றது திரை.