பாத்திரத்தில் மீந்தது

கடைசியாக வரச் சொல்லியிருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஈஸ்டர் காலை ஆராதனை. ஆண்கள் வரிசை முடிந்துவிட்டது. பெண்கள் பக்கம் பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். பீடத்துக்கு முன்னால் நீள மரக் கிராதி. அதில் பத்துப் பேர் முழங்காலிட, சபைக் குருவான ஐயர் முதலில் அப்பம் கொடுத்தார். பிறகு திராட்சை இரசப் பாத்திரம். வெள்ளிப் பாத்திரம். சபை முழுவதுக்கும் ஒன்றுதான்.

ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்தார். சற்றுத் திருப்பினார். அடுத்தவர்.

போன வாரத்துக் குருத்தோலைகள் தூண்களில் காய்ந்து தொங்கின. ஜன்னல் ஓரப் பெஞ்சுகளில் வேப்பம்பூ உதிர்ந்திருந்தது.

அவளுடைய பெஞ்சு எழுந்தது. பக்கத்து வீட்டு எமரால்டு குனிந்தாள்.

“என்ன மைனி, வரலியா? நம்ம பெஞ்சுதான்.”

“நீங்க போங்க. நான் கடைசில.”

எமரால்டு ஏன் என்று கேட்கவில்லை. சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள்.

ஆறு மாதம் காசநோய் மாத்திரை. அந்த ஆறு மாதமும் அவளாகவே ஆலய வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். யாரும் வெளியே இரு என்று சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கிய வாரம் டாக்டர் எழுதிக் கொடுத்தார். குணமாகிவிட்டது, கிருமி இல்லை. ஒரே தம்ளரில் குடிப்பதால் இது ஒட்டாது, எப்போதுமே ஒட்டாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்று மருமகள் அவள் தம்ளரில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, மற்றத் தம்ளர்களோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அதைப் பார்த்துவிட்டு அவள் பின்கட்டுக்குப் போய் அழுதாள்.

தாளை ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். ஸ்தோத்திரம் என்றார். மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அவள் ஈஸ்டருக்காகக் காத்திருந்தாள். அந்தப் பாத்திரத்துக்காக.

நேற்றுச் சாயங்காலம் ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. நாளைக்கு மட்டும் கடைசியா வாங்க. சனங்க ஒரு மாதிரி பேசுதாங்க.”

“ஐயருகிட்ட பேப்பரு குடுத்தேனே.”

“அது ஐயருக்குத் தெரியும். சனங்களுக்குத் தெரியாதுல்லா.”

லெந்து நாட்களில் எல்லோரும் எதையாவது விடுவார்கள். கறியை. காப்பியை. ஒருத்தி டி.வி. சீரியலை விட்டிருந்தாள்.

அவள் கோபத்தை விட்டிருந்தாள். நேற்று வரைக்கும்.

கிராதி காலியானது.

எழுந்தாள். நடுவில் நடந்துபோனாள். பத்துப் பேருக்கான இடத்தில் ஓர் ஓரமாக முழங்காலிட்டாள். தொண்டை அரித்தது. இருமலை விழுங்கிக்கொண்டாள்.

அப்பம் உள்ளங்கையில் விழுந்தது. ஐயரின் விரல் படவில்லை.

மற்றவர்களுக்குப் பாத்திரத்தின் அடியைப் பிடித்தபடியே சாய்த்துக் கொடுத்தார். அவளுக்கு முழுவதுமாகக் கையில் கொடுத்தார். தன் கைகளை எடுத்துக்கொண்டார்.

கனத்தது. கால் பாத்திரம் இரசம் இருந்தது. பண்டிகைக் கூட்டம் என்று கூடுதலாக ஊற்றியிருக்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆசீர்வதித்த இரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது. எடுத்து வைக்கவும் கூடாது. எல்லோரும் வாங்கிய பிறகு மீந்திருப்பதை, சபைக்கு முன்னால், ஐயர்தான் குடித்து முடிக்க வேண்டும்.

அவளுக்குப் பின் ஒருவரும் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள்.

ஒருவர் இருந்தார்.

அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். குனிந்தார்.

“எல்லாத்தையும் குடிச்சிருங்கம்மா.”

மிக மெதுவாகச் சொன்னார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜெபிப்பது போலத் தெரிந்திருக்கும்.

அவள் ஒரு மிடறு குடித்தாள். பதினாறு வயதில் திடப்படுத்தல் பெற்று முதன்முதலாகப் பாத்திரம் வாங்கிய நாளிலிருந்து ஒரு மிடறுதான். பாத்திரத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

பாடகர் குழு கடைசிச் சரணத்துக்கு வந்திருந்தது. கனத்தில் அவள் கை தாழ்ந்தது. இரசம் உள்ளே ஆடியது. சிந்திவிடும் என்று பயந்துதான் வாங்கினார்.

விளிம்பைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். துணியைத் திருப்பி மடித்து, இன்னொரு முறை.

பிறகு பீடத்தைப் பார்க்கத் திரும்பிப் பாத்திரத்தை உயர்த்தினார். சபைக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். வெள்ளை அங்கி. பின்னால் சாய்கிற தலை. முன்பெஞ்சில் ஒருவர் கண்ணை மூடி ஆமென் என்றார்.

ஓரத்திலிருந்து அவளுக்கு அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது.

உதடுகள் சேர்ந்தே இருந்தன. தொண்டை அசையவில்லை.

பாட்டு முடிந்தது.

பாத்திரத்தை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் திருப்பினார். அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

அவள் எழுந்து தன் இடத்துக்குப் போகலாம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். போய்விட்டால் அவருக்கு எளிது.

அவள் முழங்காலிலேயே இருந்தாள்.